வான் தூறு

பெடல் அக்காவுக்குச் சொந்தப் பெயர் ஒன்று உண்டு. அது வருகைப் பதிவேட்டில் மட்டும் இருக்கிறது. கண்ணாடிக் கதவைத் தாண்டி உள்ளே வந்துவிட்டால், தரை துடைக்கிற அம்மாவிலிருந்து மேனேஜர் வரை எல்லாருக்கும் அவள் பெடல் அக்காதான். நான் பக்கத்து நாற்காலி. ஒன்பது வருஷமாக அவளுடைய வலது முழங்கை என்னுடைய இடது முழங்கையை இடித்துக்கொண்டிருக்கிறது. அந்த உரிமையில் அவளைப் பற்றி எழுதட்டுமா என்று கேட்டேன். "எழுதிக்கோ. ஆனா நடந்ததை நடந்த மாதிரி எழுது. அழகா எழுதறேன்னு எதையும் இழுத்து வைக்காதே" என்றாள். இழுத்து வைப்பது என்ற சொல்லை அவள் ஏன் சொன்னாள் என்று போகப் போகத் தெரியும்.

எங்கள் வேலை இதுதான். டாக்டர்கள் நோயாளியைப் பார்த்து முடித்ததும், என்ன பார்த்தோம், என்ன மருந்து கொடுத்தோம் என்று ஒரு கருவியில் பேசிப் பதிவு செய்வார்கள். அந்தக் குரல் எங்கள் காதுக்கு வரும். நாங்கள் கேட்டுக் கேட்டுத் தட்டச்சு செய்வோம். இரண்டு கையும் விசைப்பலகையில் இருப்பதால் குரலை ஓட்டுவது காலின் பொறுப்பு. மேசைக்கு அடியில் ஒரு பெடல் இருக்கும். நடுவில் மிதித்தால் ஓடும், இடது பக்கம் மிதித்தால் பின்னால் போகும், வலது பக்கம் மிதித்தால் முன்னால் போகும். விளங்காத இடத்தில் வேகத்தைக் குறைத்துக் கேட்கலாம். ஆனால் எங்களிடம் இருப்பது ஆதிகாலத்து மென்பொருள். வேகத்தைக் குறைத்தால் குரலும் தடித்துப் போய்விடும். பாதி வேகத்தில் எந்தப் பெண் டாக்டரும் தாடி வைத்த ஆளைப் போலத்தான் பேசுவார்.

சிறுநீரக டாக்டர் ஒருவருக்கு நாங்கள் வைத்த பெயர் முழுங்கி. ஒவ்வொரு சொல்லிலும் பாதியை வெளியே விடுவார், மீதியை வாய்க்குள்ளேயே வைத்துக்கொள்வார். அவருடைய பதிவு வருகிறது என்றால் எங்கள் எல்லாருக்கும் ஒரே நேரத்தில் கழிவறை அவசரம் வந்துவிடும். அக்கா மட்டும் செருப்பைக் கழற்றிவிட்டு, வெறுங்காலைப் பெடலில் வைத்து, கண்ணை மூடிக்கொள்வாள். கால் முன்னும் பின்னும் போய்வரும். பத்து நிமிஷத்தில் முழுங்கி முழுங்கியதையெல்லாம் கக்க வைத்துவிடுவாள்.

அப்படியும் பிடிபடாத சொல் இருந்தால் அந்த இடத்தில் ஒரு கோடு போட்டு, எத்தனையாவது நிமிஷம், எத்தனையாவது நொடி என்று எழுதி வைப்பாள். ஒரு தடவை மருந்தின் அளவு ஃபிஃப்டீனா ஃபிஃப்டியா, அதாவது பதினைந்தா ஐம்பதா என்று சரியாகக் கேட்கவில்லை. "போன மாசம் பதினஞ்சுதானே கொடுத்தாரு, அதையே அடிச்சு அனுப்பும்மா" என்று மேனேஜர் கழுத்தைப் பிடித்தார். அக்கா அசையவில்லை. "காதுல விழுந்ததை அடிக்கறதுதான் சார் எனக்குச் சம்பளம். மனசுல நினைச்சுக்கிட்டதை அடிச்சா ஆளு செத்துப்போவாரு" என்றாள். டாக்டரிடமே போன் போட்டுக் கேட்டார்கள். ஐம்பதுதான். அன்றிலிருந்து மேனேஜர் அவளுடைய மேசைப் பக்கம் குரலைத் தணித்துக்கொண்டுதான் வருவார்.

இப்படிப்பட்ட காது வீட்டு விஷயத்தில் மட்டும் கேட்டதை விட்டுவிட்டு நினைத்ததை நம்பியது. அந்தத் தவறுதான் இந்தக் கதை.

அக்காவுக்கு ஒரு தம்பி. எட்டு வயது இளையவன். 'அரம்' என்ற மெட்டல் இசைக்குழுவின் பாடகன். குழுவின் பெயரைப் பாதிப் பேர் 'அறம்' என்று எழுதுவார்கள். இல்லை, இரும்பைத் தேய்க்கிற அரம், சின்ன 'ர'. பெரிய 'ற' அந்தக் குழுவுக்கு என்றைக்குமே ஒத்து வந்ததில்லை. ரசிகர்கள் நடுவில் அவனுக்குப் பெயர் தொண்டை. அடிவயிற்றிலிருந்து அவன் உறுமினால் முன் வரிசையில் நிற்கிறவர்களுக்கு நெஞ்செலும்பு அதிரும். எனக்கு எப்படித் தெரியும் என்றால், நான் முன் வரிசையில் நின்றிருக்கிறேன். ஆமாம், நான் அரம் குழுவின் பைத்தியம். இரண்டு பிள்ளை பெற்றவள், இடுப்பு வலிக்கு பெல்ட் போட்டுக்கொண்டு போய் தலையை ஆட்டிவிட்டு வருவேன். தொண்டையின் அக்கா என் பக்கத்து நாற்காலி என்று தெரிந்த நாளில் எனக்குத் தரையில் கால் பாவவில்லை.

அவனைப் பற்றிப் பேசினால் அக்காவின் முகம் மாறிவிடும். அப்பா அவர்களுக்குச் சின்ன வயதிலேயே இல்லை. அம்மா ஒரு பள்ளிக்கூடத்தில் ஆய்வுக்கூட உதவியாளர். வீட்டில் தம்பி உறுமிப் பழகியது குளியலறையில். முதல் நாள் அந்தச் சத்தத்தைக் கேட்ட அம்மா கதவைத் தட்டி, "என்னடா சாப்பிட்டே? எத்தனை தடவை வாந்தி எடுத்தே?" என்று எலுமிச்சம் பழத்தோடு நின்றாராம். இதைச் சொல்லும்போது அக்கா மேசையில் குப்புற விழுந்து சிரிப்பாள். அவளுக்கு அந்த இசை பிடிக்கவே பிடிக்காது. அரவை மில் என்பாள். ஆனாலும் ஒவ்வொரு ஆல்பம் வந்ததும் முதல் பிரதியை அவன் அவளிடம் கொண்டுவந்து கொடுப்பான், அவளும் முழுதாகக் கேட்பாள். தலைவலி மாத்திரை ஒன்றைப் போட்டுக்கொண்டு கேட்பாள். அவளுக்கு ஒரு கல்யாணம் நடந்தது, மூன்று வருஷத்தில் முடிந்தும் போனது. அதற்குப் பிறகு அவளுக்கு இருந்தது அம்மாவும் அவனும்தான்.

இரண்டு வருஷத்துக்கு முன்னால் அம்மாவுக்கு நுரையீரல் கெட்டுப்போனது. ஆஸ்பத்திரியில் சேர்த்து, இது கடைசி என்று டாக்டர்கள் சொல்லிவிட்டார்கள். பதினோரு நாள் தாங்கினார். அந்தப் பதினோரு நாளும் தம்பி ஊரில் இல்லை. எண்பது கிலோமீட்டர் தள்ளி, மூடிப்போன ஐஸ் தொழிற்சாலை ஒன்றை வாடகைக்குப் பிடித்து, குழுவோடு நான்காவது ஆல்பம் பதிவு செய்துகொண்டிருந்தான். போன் எடுக்கவில்லை. குழுவில் மற்றவர்கள் நம்பர் அவளிடம் கிடையாது. அந்தக் கட்டடம் எந்தப் பக்கம் இருக்கிறது என்றுகூட அவன் சொல்லியிருக்கவில்லை. அம்மாவை விட்டுவிட்டு அவள் போய்த் தேடவும் முடியாது. அதனால் தினமும் சாயங்காலம், அம்மா கண் அசந்ததும், அக்கா வராந்தாவுக்கு வந்து லிஃப்டுக்குப் பக்கத்துச் சுவரோரம் நின்று அவனுக்குக் குரல் செய்தி அனுப்புவாள். எழுதினால் அவன் படிக்கமாட்டான், குரலைக் கேட்டால் மனசு இளகும் என்று நினைத்தாள்.

உள்ளே அம்மா கேட்டுக்கொண்டே இருந்தார். "அவன் வந்துட்டானா?" அக்கா ஒவ்வொரு நாளும் ஒரு பொய் சொன்னாள். பைக் ரிப்பேர் என்றாள். காய்ச்சல் என்றாள். கடைசி நாள் சாயங்காலம், "கிளம்பிட்டான்மா, வழியில இருக்கான்" என்றாள். அம்மா தலைமுடியைச் சரி செய்துவிடச் சொன்னார். மறுநாள் விடிகாலையில், ஐந்து மணிக்கு, இறந்துபோனார்.

அன்று சாயங்காலம் தம்பி பைக்கில் வந்து இறங்கினான். நானும் அங்கே இருந்தேன். வாசலிலேயே உட்கார்ந்து அழுதான். அவன் சொன்னது எனக்கு அப்படியே ஞாபகம் இருக்கிறது. "உள்ளே போகும்போதே போனையெல்லாம் ஒரு டப்பாவுல போட்டுப் பூட்டிட்டோம்க்கா. வேலை முடியற வரைக்கும் யாரும் தொடக்கூடாதுன்னு பேச்சு. இன்னிக்கு மத்தியானம் ஆல்பத்தை முடிச்சு அனுப்பின பிறகுதான் டப்பாவைத் திறந்தோம். உன் மெசேஜா வரிசையா நின்னுச்சு. ஒரு குறுஞ்செய்தி சித்தப்பா போட்டிருந்தாரு, அம்மா போயிட்டாங்கன்னு. அதைப் பாத்துட்டு உன் குரலைக் கேக்க எனக்குத் தெம்பு இல்லக்கா. ஒண்ணுகூடக் கேக்கல. எல்லாத்தையும் அழிச்சுட்டேன்."

அவர்களுடைய சித்தப்பா பல்லைக் கடித்துக்கொண்டு நின்றார். பதினோரு நாள் ஆஸ்பத்திரிக்கு அலைந்தவர் அவர்தான். "பெத்தவ மூச்சுக்குத் திணறிட்டுக் கிடக்கா, துரைக்குப் போன் டப்பாவுல இருந்துச்சாம். பொய் சொல்றதையாவது உருப்படியாச் சொல்லுடா" என்று சத்தம் போட்டார். அக்கா எழுந்து வந்து அவருக்கும் தம்பிக்கும் நடுவில் நின்றாள். "என் தம்பி பொய் சொல்லமாட்டான். அவனைப் பத்தி இன்னொரு வார்த்தை பேசறதா இருந்தா நீங்க கிளம்பிடுங்க சித்தப்பா" என்றாள். அவர் கிளம்பிவிட்டார். அதோடு போக்குவரத்து நின்றது.

பதினோரு மாதம் கழித்து ஆல்பம் வெளிவந்தது. பெயர் 'ஈரச் சுவர்'. கறுப்பு அட்டை, அதில் இன்னும் கறுப்பாக ஒரு கதவு.

முதல் தடவை கேட்டபோது எனக்கு ரத்தம் கொதித்தது. மூன்று ஆல்பமாக, மூச்சு விடாமல் ஓடின குழு அது. டிரம்ஸ்காரன் இரண்டு காலாலும் உதைப்பதைக் கேட்டால் தகரக் கூரையில் ஆலங்கட்டி மழை பெய்கிற மாதிரி இருக்கும். இந்த ஆல்பத்தில் அவன் ஒரு தடவை அடித்துவிட்டு வெளியே போய் டீ குடித்துவிட்டு வந்து அடுத்த அடியை அடிக்கிறான். கிட்டார் தந்திகளைத் தளர்த்தி, ஒரே சுரத்தைப் பிடித்து, அது தானாகச் சாகிற வரைக்கும் விட்டுவிடுகிறார்கள். தொண்டை உறுமவே இல்லை. எங்கேயோ பக்கத்து அறையில் முணுமுணுக்கிறான். ஆறு பாட்டு, ஐம்பத்தொரு நிமிஷம், எல்லாம் ஈரம், இருட்டு, குளிர். இணையத்தில் அரம் ரசிகர் பக்கத்துக்குப் போய் ஒரே ஒரு வார்த்தை எழுதினேன். "துரோகம்." நூற்றெழுபது பேர் ஆமோதித்தார்கள். அந்த வார்த்தையை எவ்வளவு சில்லறையாகச் செலவு செய்திருக்கிறேன் என்று பிறகு நினைத்து வெட்கப்பட்டேன்.

ஆனால் மூன்றாவது பாட்டு என்னை விடவில்லை. அதில் பாடல் வரி கிடையாது. கிட்டாருக்கு அடியில், தரைக்கும் அடியில் என்று சொல்லலாம், கூட்டமாக ஆண் குரல்கள் ஒரே ஒரு சொல்லை இழுத்துக்கொண்டே போகும். நடுநடுவே ஒரு பெரிய மணி, தண்ணீருக்குள் அடிப்பது போல. இரண்டாவது வாரம் பாத்திரம் கழுவும்போது போட்டுக் கேட்டேன். குழாயை நிறுத்திவிட்டு அப்படியே நின்று அழுதேன். ஏன் என்று தெரியவில்லை. யாரோ யாரையோ கூப்பிடுகிறார்கள், போகிறவர் திரும்பிப் பார்க்கவில்லை என்ற மாதிரி இருந்தது. அதற்குப் பிறகு நாற்பது தடவையாவது கேட்டிருப்பேன். ஊரே அப்படித்தான் ஆனது. கழுவி ஊற்றியவர்களெல்லாம் தலையில் தூக்கி வைத்து ஆடினார்கள். அரம் வயசுக்கு வந்துவிட்டது என்று எழுதினார்கள்.

அந்தச் சொல் என்ன என்று ஒரு சண்டையே நடந்தது. பழைய மந்திரம் என்றான் ஒருவன். பின்னாலிருந்து முன்னால் ஓட்டினால் விளங்கும் என்றான் இன்னொருவன். கடைசியில் எல்லாரும் ஒத்துக்கொண்டது 'வான் தூறு'. வானமே, தூறு. வாஆஆன்... தூஊஊ... என்று இழுத்துப் பார்த்தால் சரியாகத்தான் இருந்தது. தொண்டையிடம் கேட்டதற்கு அவன் சிரித்துவிட்டு, "உங்களுக்கு என்ன கேக்குதோ அதுதான்" என்றான். அடேயப்பா, என்ன ஆழம் என்று நாங்கள் மெய்சிலிர்த்தோம். டி-ஷர்ட்டில் அச்சடித்தார்கள். நான் ஒன்று வாங்கினேன்.

அதைப் போட்டுக்கொண்டு ஒரு சனிக்கிழமை அரை நாள் வேலைக்குப் போனேன். அக்கா என் நெஞ்சில் எழுதியிருந்ததைப் படித்தாள்.

"என்னடி இது, வானிலை அறிக்கையா?"

"உன் தம்பி ஆல்பம்க்கா. மூணாவது பாட்டு. நீ கேக்கலையா?"

"எனக்குக் கொண்டு வரலையே. இது ரொம்ப இருட்டா இருக்கும், உனக்கு வேணாம்க்கான்னான். அம்மா போன வருஷம் இல்லையா, என் மனசு கெட்டுடும்னு பாக்கறான்." அதைச் சொல்லும்போது அவளுக்குப் பெருமை.

நான்தான் வற்புறுத்தினேன். இதை நினைத்தால் இன்றைக்கும் என்னை நானே அறைந்துகொள்ளலாம் போலிருக்கிறது. என் பென் டிரைவை அவளுடைய கணினியில் செருகி, அந்தப் பழைய மென்பொருளிலேயே பாட்டைத் திறந்து, ஹெட்போனை அவள் காதில் மாட்டி, "கண்ணை மூடிக்கோ" என்றேன். அவள் செருப்பைக் கழற்றிவிட்டுக் காலைப் பெடலில் வைத்தாள். அது பழக்கம்.

இரண்டு நிமிஷம் ஒன்றுமில்லை. பிறகு அவள் நெற்றி சுருங்கியது. கால் இடது பக்கம் மிதித்தது. மறுபடியும் கேட்டாள். மறுபடியும் இடது.

"இது ஆம்பளைக் குரல் இல்லடி" என்றாள்.

"முப்பது ஆம்பளைங்க மாதிரி இருக்கு. என்னக்கா சொல்றே?"

"ஒரே ஆளு. பொம்பளை. இழுத்து வெச்சிருக்காங்க. சொல்லுக்கு முன்னாடி மூச்சு எடுக்கற சத்தம் கேக்குது பாரு. எவ்வளவு நீளம்! அவ்வளவு நேரம் மூச்சை இழுத்தா மனுஷன் வெடிச்சுப் போவான். மூச்சையும் சேர்த்து இழுத்திருக்காங்க." அவளுக்கு வேலை சுவாரஸ்யம் பிடித்துக்கொண்டது. முழுங்கியைப் பிடிப்பது போலத்தான் பிடித்தாள். "எவ்வளவு குறைச்சாங்களோ அவ்வளவு ஏத்தினா ஆளு வெளியே வந்துடுவா." ஒரு காதை எனக்குக் கொடுத்தாள். வேகத்தை ஏற்றினாள். கூட்டக் குரல் மெலிந்தது. இன்னும் ஏற்றினாள். மணிச் சத்தம் சுருங்கிச் சுருங்கி, 'டிங்' என்று ஒரு சின்ன ஒலி ஆனது.

லிஃப்ட் வந்து நின்றால் அடிக்குமே, அந்த 'டிங்'.

அடுத்த நொடி கேட்டது பெடல் அக்காவின் குரல். மூக்கடைத்த, விசும்புகிற குரல். "வந்துடு... வந்துடு... டேய், வந்துடு..."

அவள் கால் பெடலிலிருந்து எடுபடவில்லை. அது ஓடிக்கொண்டே இருந்தது. வந்துடு, வந்துடு. நான் ஹெட்போனை அவள் காதிலிருந்து பிடுங்கிப் போட்டேன். என் நெஞ்சில் 'வான் தூறு' என்று எழுதியிருந்தது. கழிவறைக்குப் போய் சட்டையைக் கழற்றித் திருப்பிப் போட்டுக்கொண்டு வந்தேன். அக்கா அப்படியே உட்கார்ந்திருந்தாள். முழுங்கியின் பதிவு ஒன்று திரையில் காத்திருந்தது. ஒன்பது வருஷத்தில் முதல் தடவையாக அவள் ஒரு பதிவை முடிக்காமல் வீட்டுக்குப் போனாள்.

ஞாயிற்றுக்கிழமை நான் அவள் வீட்டுக்குப் போனபோது அவனுக்காக வாதாடிக்கொண்டிருந்தாள், யாரும் இல்லாத சமையலறையில். "அழிக்கலைன்னா என்ன இப்போ? அழிச்சேன்னு சும்மா சொல்லியிருப்பான். அம்மா போன பிறகு, மனசு தாங்காம, அந்தக் குரலை எடுத்து அதுல சேர்த்திருப்பான். அவன் அழறதுக்கு அதானே வழி. இல்லையாடி?" நான் தலையாட்டினேன். அவளுக்கு அது போதவில்லை. கோடு போட்டு விட்டுவிட அவளால் முடியாது, நிமிஷமும் நொடியும் வேண்டும். என் பையிலிருந்து ஆல்பத்தின் அட்டையை எடுக்கச் சொன்னாள். உள்பக்கத்தில் பொடி எழுத்தில் இருந்தது. பதிவும் ஒலிக்கலவையும் முடிந்த நாள் என்று ஒரு தேதி. அம்மா இறந்த தேதி.

அன்று மத்தியானம் ஆல்பத்தை முடித்து அனுப்பிவிட்டுத்தான் போனைத் தொட்டேன் என்று சொன்னது அவன்தான். அந்த மத்தியானத்துக்குள் அவள் குரல் அதில் இருக்கிறது.

"வா, போய்க் கேப்போம்" என்றாள்.

தம்பி குடியிருந்தது மூன்றாவது மாடியில். கதவைத் திறந்ததும் முகமெல்லாம் சிரிப்பு. "அக்கா! சொல்லாம கொள்ளாம வந்திருக்கே!" என்னைப் பார்த்தான்.

"கூட வேலை பாக்கறவ. உன் ரசிகை" என்றாள் அக்கா.

"இருந்தேன்" என்றேன்.

உட்கார்ந்தோம். சுவரெல்லாம் சத்தம் வெளியே போகாமலிருக்க பஞ்சுப் பலகை. அவன் டீ போட எழுந்தான். அக்கா வேண்டாம் என்று கை காட்டினாள்.

"மூணாவது பாட்டுல யாருடா பாடறது?"

"அதுவா... ஆளு இல்லக்கா. கம்ப்யூட்டர்ல செஞ்ச சத்தம்."

"எவ்வளவு குறைச்சே? நாப்பது சதவீதமா?"

அக்கா என்ன வேலை பார்க்கிறாள் என்பது அவனுக்கு அப்போதுதான் ஞாபகம் வந்தது போலிருந்தது. உலகத்தில் யாரும் கண்டுபிடிக்க முடியாதபடி ஒளித்து வைத்திருந்தான். தினமும் எட்டு மணி நேரம் அதையே பிழைப்பாக வைத்திருக்கிற ஒருத்தி சொந்த வீட்டிலேயே இருப்பதை மறந்துவிட்டான்.

"முப்பத்தெட்டு" என்றான் கடைசியில். அந்த நேரத்திலும் கணக்குச் சுத்தமாக இருக்க வேண்டும் அவனுக்கு.

"டப்பாவுல பூட்டி வெச்சோம்னு சொன்னே."

"மத்தவங்க வெச்சாங்க. நான் வெக்கல."

"தினமும் கேட்டியா?"

"கேட்டேன்."

"அம்மா உன்னைக் கேக்கறாங்கன்னு நான் சொன்னது காதுல விழுந்துச்சா?"

"விழுந்துச்சுக்கா." அவன் தரையைப் பார்த்துக்கொண்டு பேசினான். "முதல் நாள் கேட்டதும் கிளம்பத்தான் பையை எடுத்தேன். சத்தியமா. அப்ப டிரம்ஸ்காரன், இதை ஒரு தடவை ஸ்பீக்கர்ல போடுன்னான். போட்டோம். மெதுவாக்கினோம். ரெண்டு வருஷமா நாங்க தேடிக்கிட்டிருந்த சத்தம்க்கா அது. வேகமா அடிச்சு அடிச்சு எங்களுக்கே அலுத்துப்போச்சு. அடுத்து என்னன்னு தெரியாம முட்டிக்கிட்டு நின்னோம். அது வழி காட்டிச்சு. எல்லாப் பாட்டையும் அதுக்கேத்த மாதிரி மாத்தினோம். ஒரு மெசேஜ் போதல. இன்னும் வேணும்னு இருந்துச்சு. மறுநாள் இன்னொண்ணு வந்துச்சு."

"நீ வந்திருந்தா நான் அனுப்பியிருக்கமாட்டேனே."

அவன் பஞ்சுப் பலகையின் ஓரத்தைப் பிய்த்தான். "அடப்பாவி, அதுக்காகவா உக்காந்திருந்தே?" என்று நான்தான் கத்தினேன். வாய்க்கு வந்ததெல்லாம் சொன்னேன், இங்கே எழுத முடியாததும் உண்டு. அக்கா என் தொடையில் கை வைத்து அழுத்தினாள். அவளுக்கு இன்னும் ஒரு கேள்வி பாக்கி இருந்தது.

"பதினோரு சாயங்காலம், பதினோரு மெசேஜ். ராத்திரி முழுக்க உக்காந்து பாட்டைப் பிரிச்சுக் கேட்டேன். பதினொண்ணும் அதுல இருக்கு. பன்னெண்டாவது எங்கேடா? அம்மா போன காலையில, ஆறு மணிக்கு அனுப்பினேனே. சித்தப்பா குறுஞ்செய்திக்கு முன்னாடியே அனுப்பினேன். அதைக் கேட்டியா?"

"கேட்டேன்."

"எப்போ?"

"வந்த உடனே."

"ஆறு மணிக்கே தெரியும் உனக்கு."

"முடிக்க வேண்டியது இன்னும் கொஞ்சம் இருந்துச்சுக்கா. அம்மாதான் போயிட்டாங்களே, இனி ஓடி மட்டும்..." அவனே நிறுத்திக்கொண்டான்.

"அப்போ அது ஏன் ஆல்பத்துல இல்ல?"

அவன் தலையைச் சொறிந்தான். அவன் பொய் சொல்லவில்லை என்று எனக்குத் தெரிந்தது. இவ்வளவு நேரத்தில் அவன் முழு மனதோடு உண்மை பேசியது அந்த இடத்தில்தான். "போட்டுப் பாத்தோம்க்கா. ஒட்டல. மத்ததுல எல்லாம் நீ அழுதிருந்தே. அதுல அழவே இல்ல. பஸ் எத்தனை மணிக்குன்னு சொல்ற மாதிரி சொல்லியிருந்தே. எதுவுமே இல்ல அதுல. அதான் விட்டுட்டோம்."

அக்கா எழுந்து வாசலுக்குப் போய்ச் செருப்பை மாட்டிக்கொண்டாள். கதவைப் பிடித்துக்கொண்டு, திரும்பாமல் சொன்னாள்.

"எண்பது கிலோமீட்டர் பைக்ல வரணும் நீ. அக்கா அழற குரலைக் கேட்டுட்டுப் பதறி ஓட்டி, எங்கேயாவது லாரியில போய் மோதிடப் போறியேன்னு, குளியலறையில துணியை வாயில அடைச்சுக்கிட்டு முக்கால் மணி நேரம் அழுது முடிச்சேன்டா. முகத்தைக் கழுவிட்டு, நாலு தடவை சொல்லிப் பழகிக்கிட்டு, அப்புறம்தான் பட்டனை அமுக்கினேன்."